நாம் தேர்ந்தெடுக்காத வாசகம்

அகநானூற்றை முதன்முறையாகக் கையில் எடுக்கும் மாணவர்களுக்கு நாம் சொல்லும் முதற்செய்தி அந்நூலின் கணக்கு. ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் யாவும் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 என முடிபவை முல்லை, 6 மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். இவ்வாறு 400 பாடல்களையும் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்பது மரபு. பாடிய புலவர் எவரும் தம் பாட்டு எத்தனையாவதாக நிற்கப்போகிறது என்று அறிந்து பாடவில்லை. ஆயினும் பிரிவைச் சொல்லும் பாட்டுக்குப் பின் கூடலைச் சொல்லும் பாட்டு, அதன்பின் மீண்டும் பிரிவு என்று வரும்போது அந்த அடுக்கே ஒரு பொருளைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இதை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "ஐயா, இப்படி எண் போட்டு அடுக்கி வச்சா படிக்கிறவனுக்கு என்ன லாபம்? பிடிச்ச பாட்டை எடுத்துப் படிச்சுக்கலாமே?" அன்று வகுப்பில் சொன்ன விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. நிறைவான விடை பிறகு வேறோர் இடத்தில் கிடைத்தது. அது கத்தோலிக்கத் திருச்சபை நாள்தோறும் திருப்பலியில் படிக்கும் விவிலிய வாசகங்களின் அட்டவணை. சமய நம்பிக்கை பற்றிய வாதத்துக்காக இதை எழுதவில்லை. ஒரு சமூகம் ஒரு பெருநூலை எவ்வாறு பகுத்துப் படிக்கிறது என்பது இலக்கிய வாசகர்களுக்கும் உரிய கேள்வி என்பதால் எழுதுகிறோம்.

அறியாத நண்பர்களுக்காக அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருவழிபாட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை; நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறே அதன் புத்தாண்டு. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை சுழலும். 'ஏ' ஆண்டில் மத்தேயு, 'பி' ஆண்டில் மாற்கு, 'சி' ஆண்டில் லூக்கா. ஆண்டின் எண் மூன்றால் மீதியின்றி வகுபட்டால் அது 'சி' ஆண்டு. வார நாட்களுக்கு வேறு கணக்கு. பொதுக்காலத்தில் நற்செய்தி எல்லா ஆண்டுகளிலும் ஒன்றே: முதல் 9 வாரங்கள் மாற்கு, 10 முதல் 21 வரை மத்தேயு, 22 முதல் 34 வரை லூக்கா. முதல் வாசகம் மட்டும் ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்று, இரட்டைப்படை ஆண்டுக்கு ஒன்று என மாறும். நான்காம் நற்செய்தியாகிய யோவானுக்குத் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் பெரும்பங்கு உண்டு. ஒற்றை, இரட்டை என்று பிரிக்கும் இந்தக் கணக்கைப் பார்த்தபோது உருத்திரசன்மர் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

இந்த அமைப்பு மிகப் பழையது அன்று. 1570ஆம் ஆண்டின் திருப்பலி நூல் ஓராண்டுச் சுழற்சியையே கொண்டிருந்தது; பழைய ஏற்பாட்டின் மிகப் பெரும்பகுதி கோயிலில் ஒலித்ததே இல்லை. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, விவிலியத்தின் கருவூலம் மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறக்கப்பட வேண்டும் என்று கேட்டது. அதன் விளைவாக 1969இல் புதிய அட்டவணை வந்தது. 1981இல் அதன் இரண்டாம் பதிப்பு. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பின் தமிழே இன்று நம் பக்கத்துக் கோயில்களில் ஒலிக்கிறது.

நாளுக்கு இவ்வளவு என்று நூலைப் பகுத்து ஓதுவது இம்மண்ணுக்குப் புதிதன்று. நாம் வாழும் ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். மார்கழியின் நாட்களுக்குத் திருப்பாவையின் 30 பாசுரங்களையும் நாளொன்றுக்கு ஒன்றாக வைத்து ஓதும் மரபு இங்கே வாழ்கிறது. தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றும் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகக் கதை நாள்கணக்கில் நகர்கிறது. இன்று எனக்குக் கர்ணனைக் கேட்க விருப்பமில்லை என்று எவரும் சொல்ல இயலாது. கர்ணனின் நாள் வந்தால் கர்ணன் வருவான்.

ஆனால் அதே ஊரைச் சுற்றி வேறொரு நாட்காட்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் எனச் சிப்காட் பூங்காக்கள் தொடர்கின்றன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், கண்ணாடி, கைப்பேசி, தொலைக்காட்சி என எல்லாமே இங்கே உருவாகின்றன. இங்குள்ள தொழிலாளரைக் கேட்டால் செவ்வாய், புதன் என்று சொல்லமாட்டார். 'இந்த வாரம் பி ஷிப்டு, அடுத்த வாரம் சி' என்பார். ஞாயிறு பலருக்கு ஞாயிறே அன்று. விடுப்பு என்றைக்கு விழுகிறதோ அன்றே ஞாயிறு. திருச்சபையும் தன் ஆண்டுகளை ஏ, பி, சி என்றே அழைக்கிறது என்பதை ஒரு மாணவரிடம் சொன்னபோது, "அங்கயும் ஷிப்டுதானா ஐயா?" என்று சிரித்தார்.

சிரிப்புக்கு அப்பால் அதில் ஓர் உண்மை இருக்கிறது. ஷிப்டு நாட்களை ஒன்றுபோல ஆக்குகிறது. இரவும் பகலும் ஒரே விளக்கொளி, ஒரே வேலை, ஒரே எண்ணிக்கை. வாசக அட்டவணையோ ஒவ்வொரு நாளுக்கும் அதற்கே உரிய சொல் ஒன்றைத் தருகிறது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்திலிருந்து வந்து ஒரகடத்தில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் எப்போதாவது நம் கோயிலுக்கு வருவார். தமிழ் அவருக்குப் புரியாது. ஆனால் கைப்பேசியில் அன்றைய வாசகத்தை இந்தியில் திறந்து வைத்துக்கொண்டு, நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை விரலால் தொடர்ந்து வருவார். வேலை முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸிலும் அதையே படிப்பதாகச் சொன்னார். அவருடைய ஊரில் அவருடைய தாய் கேட்கும் அதே பகுதியை அவர் இங்கே கேட்கிறார். ஒரு நூலால் மனிதர்களை இப்படியும் இணைத்து வைக்க முடிகிறது.

அடுக்கு எவ்வாறு பொருள் தருகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பொதுக்காலம் 20ஆம் வாரப் புதன்கிழமை, அதாவது பெரும்பாலும் ஆகஸ்டில், திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமை வாசிக்கப்படும். உரிமையாளர் விடியலில் போய் ஆள் பிடிக்கிறார். முற்பகலிலும் நண்பகலிலும் பிற்பகலிலும் போகிறார். வேலை முடிய ஒரு மணி நேரமே இருக்கும்போதும் போகிறார். கடைசியில் எல்லாருக்கும் ஒரே கூலி. முழுநாள் உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

இக்கதையை இந்தத் தொழிற்பாதையில் வைத்துக் கேட்டால் அது தலைகீழாகிவிடுகிறது. கதையில் வெவ்வேறு நேர உழைப்புக்கு ஒரே கூலி. இங்கே ஒரே பட்டறை வரிசையில், ஒரே எட்டு மணி நேரத்தில், நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் என மூவர் நிற்பதுண்டு, கூலி மூன்றுவிதம். உவமையில் முணுமுணுத்தவர்களுக்கு உரிமையாளர் நேரில் விடை சொன்னார். இங்கே பலருக்கு உரிமையாளர் யார் என்பதே தெரியாது. தெரிந்தவர் காண்ட்ராக்டர் மட்டுமே.

இனி அட்டவணை செய்யும் வேலையைப் பாருங்கள். ஒற்றைப்படை ஆண்டில் இந்த உவமைக்கு முன்பாக நீதித் தலைவர்கள் நூலின் 9ஆம் அதிகாரம் வரும். மரங்கள் தமக்கு ஓர் அரசனைத் தேடும் கதை அது. ஒலிவமும் அத்தியும் திராட்சையும் மறுத்துவிட, முட்புதர் மட்டும் ஒப்புக்கொண்டு தன் நிழலுக்கு எல்லாரையும் அழைக்கிறது. வராவிட்டால் நெருப்பு என்கிறது. இரட்டைப்படை ஆண்டில் அதே உவமைக்கு முன் எசேக்கியேல் 34 வரும். மந்தையை மேய்க்காமல் தம்மையே மேய்த்துக்கொண்ட ஆயர்கள்மீது இறைவாக்கினர் தொடுக்கும் குற்றச்சாட்டு அது. ஓராண்டு 'யாரை உன்மேல் தலைவனாக ஏற்றாய்?' என்று கேள்வி வருகிறது. மறு ஆண்டு 'தலைவனானவன் யாருக்கு உணவிட்டான்?' என்று வருகிறது. உவமையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பக்கத்தில் நிற்கும் பாட்டு மாறியதால் அதன் குரல் மாறிவிட்டது. மாணவர் கேட்ட கேள்விக்கு இதுவே பாதி விடை.

ஒற்றைப்படை ஆண்டில் அதே வாரத்தின் வெள்ளியும் சனியும் ரூத்து நூலுக்கு உரியவை. பிழைக்க வழியின்றி மாமியாரோடு வேற்றூருக்கு வந்து, அடுத்தவர் வயலில் சிந்திய கதிர் பொறுக்கிய பெண்ணின் கதை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டு 22, 23 தேதிகளில் ரூத்தின் கதை கோயிலில் ஒலித்தபோது அந்த எண் நம் மனத்தை விட்டு அகலவில்லை.

விடையின் மறுபாதி நமக்குச் சற்றுத் துன்பத்தோடு கிடைத்தது. நம் பங்கில் வாசகம் வாசிப்போர் வரிசையில் நம் பெயரும் உண்டு. 2024 செப்டம்பர் 29, பொதுக்காலம் 26ஆம் ஞாயிறு. இரண்டாம் வாசகம் நம் முறை. அன்று வந்தது யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரத் தொடக்கம். செல்வர்களை நோக்கி அழுங்கள் என்று தொடங்கி, அவர்களுடைய வயலை அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட கூலியே கூக்குரலிடுகிறது என்றும், அறுவடை செய்தோரின் கூக்குரல் கடவுளின் செவிக்கு எட்டிவிட்டது என்றும் சொல்லும் பகுதி. புதிய ஏற்பாட்டில் இதைவிடக் கடுமையான சொற்கள் குறைவு.

அன்றைக்கு நம் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிற்சாலையின் தொழிலாளர்கள், தம் சங்கத்தை ஏற்க வேண்டும், ஊதியத்தையும் பணி நிலைமைகளையும் பேசித் தீர்க்க வேண்டும் என்று செப்டம்பர் 9இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் 21ஆம் நாள் அது. அப்போராட்டம் அக்டோபர் நடுப்பகுதி வரை நீண்டது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவு பெற்றது. இவை யாவரும் அறிந்த செய்திகள்.

நாம் வாசித்தோம். உச்சரிப்பில் பிழை இல்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினோம். தமிழாசிரியர் வாசித்தால் தெளிவாக இருக்கிறது என்று வழக்கமாகப் பாராட்டுபவர்கள் அன்றும் பாராட்டினார்கள். மறையுரை நற்செய்திப் பகுதியை ஒட்டி, பிறருக்கு இடறலாக இருப்பதைப் பற்றி அமைந்தது. நல்ல உரைதான். யாக்கோபு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது நம்மிடம் முன்னர்ப் படித்த மாணவர் ஒருவர் காத்திருந்தார். உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளராக இருப்பவர். இரவு ஷிப்டு முடித்து நேரே வந்திருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, இன்னிக்கு நீங்க படிச்சது பைபிள்லயே இருக்குதா? இல்ல, இந்த நேரத்துக்குன்னு நீங்களா எடுத்ததா?"

உள்ளே அழைத்துப்போய் வாசக நூலைத் திறந்து காட்டினோம். இது உலகெங்கும் இன்று படிக்கப்படுவது என்றும், பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்த ஞாயிற்றுக்கு என்று வைக்கப்பட்டது என்றும் சொன்னோம். அவர் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். "அப்ப யாருமே அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலயே ஐயா" என்றார். அவ்வளவுதான். வணக்கம் சொல்லிப் போய்விட்டார்.

அவர் மறையுரையாளரைக் குறைசொல்லியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். 'யாருமே' என்ற சொல்லில் நாமும் அடங்குவோம். அப்பகுதியை முதல்நாள் இரவே படித்துப் பார்த்தவர் நாம். செய்தித்தாளும் படித்தவர் நாம். ஆயினும் பழைய பாட்டு ஒன்றைத் தெளிவுரைக்காக வாசிப்பதுபோல வாசித்துவிட்டு இறங்கினோம்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். ஆண்டில் 365 நாள். நாளுக்கு ஒரு வாசகம். நாள்தோறும் ஊரில் ஏதோ நடக்கிறது. தேடினால் பொருத்தம் கிடைக்காமல் போகுமா? நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை இங்கே உற்பத்தியை நிறுத்தியது 2014 நவம்பர் 1இல். அது புனிதர் அனைவர் பெருவிழா. துயருறுவோரும் நீதிக்காகப் பசித்திருப்போரும் பேறுபெற்றோர் என்னும் மலைப்பொழிவுப் பகுதியே அன்று ஆண்டுதோறும் வரும். இவையெல்லாம் கிளி எடுக்கும் ஏட்டைப் போன்றவையே அல்லவா?

மறுப்பில் நியாயம் இருக்கிறது. பொருத்தத்தைத் தீர்ப்பாகக் கொள்ளுதல் தவறு. யாக்கோபு பேசுவது கொடாமல் பிடித்துவைத்த கூலியைப் பற்றி. இங்கே நடந்த போராட்டத்தின் நடுப்பொருள் சங்கத்தை ஏற்பது. இரண்டையும் அப்படியே ஒட்டிவிடுதல் நூலுக்கும் நேர்மையன்று, நிகழ்வுக்கும் நேர்மையன்று. சைவ மரபில் திருமுறை ஏட்டில் கயிறு சார்த்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. மெய்கண்டாரின் பிறப்பு வரலாற்றிலும் அது பேசப்படுகிறது. அங்கே கேள்வியோடு போகிறவர் நாம். ஏடு விடை சொல்கிறது. அட்டவணையில் முறை வேறு. நாம் கேள்வியின்றிப் போய் நிற்கிறோம். வாசகம் வந்து நம்மிடம் கேள்வி கேட்கிறது. விடை சொல்ல வேண்டியவர் நாம். எனவே பொருத்தம் தற்செயல் என்பதால் நம் பொறுப்புக் குறைவதில்லை.

மேலும், எவரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே அந்த வாசகத்தின் வலிமை. அந்த ஞாயிற்றுக்கு ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருந்திருந்தால் யாக்கோபை எடுத்திருக்கமாட்டோம். அச்சத்தினால் என்று ஒப்புக்கொள்ளாமல், பொது அமைதி கருதி என்று பெயர் சூட்டியிருப்போம். வேறொருவர் துணிந்து எடுத்திருந்தால் கட்சி கட்டுகிறார் என்று பழி வந்திருக்கும். அட்டவணை வைத்ததால் எவர்மீதும் பழியில்லாமல், எவருடைய அனுமதியும் இல்லாமல், அந்தச் சொல் அந்த ஊருக்குள் வந்தது. அதை அங்கேயே படுக்கவைத்தது மட்டும் நம் வேலையாயிற்று.

அட்டவணைக்கும் குறை உண்டு என்பதைச் சொல்லாமல் விடலாகாது. அதுவும் மனிதர் வகுத்ததே. ஒற்றைப்படை ஆண்டில் பொதுக்காலம் 15ஆம் வாரத் திங்கள் அன்று விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரம் வரும். எகிப்தில் இஸ்ரயேலர் செங்கலும் சாந்துமாகக் கொடுமையாக வேலை வாங்கப்பட்ட பகுதி அது. 8 முதல் 14 வரை உள்ள வசனங்களைப் படித்துவிட்டு நேரே 22க்குத் தாவிவிடுகிறார்கள். இடையில் விடப்பட்டவர்கள் சிப்ரா, பூவா என்னும் இரு மருத்துவச்சிகள். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன மன்னனின் ஆணைக்குக் கீழ்ப்படிய மறுத்த பெண்கள். உரோமையர் திருமுகத்தின் இறுதி அதிகாரம் வாசிக்கப்படும் நாளிலும் கெங்கிரேயா சபையின் தொண்டரான பெபேயைப் பற்றிய முதல் இரு வசனங்கள் இல்லை. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் உழைக்கும் இத்தொழிற்பாதையில், அநீதியான ஆணைக்கு 'மாட்டோம்' என்று நின்ற இரு பெண்களின் கதை வார நாள் வாசகத்தில் விடுபட்டுப்போவது சிறிய குறையன்று. தொகுப்பவர் ஆசிரியரும் ஆவார் என்றோம். எதை விடுகிறார் என்பதும் அவர் எழுதிய எழுத்தே. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிசு, வாசகர் பணிக்குரிய நிலையான பொறுப்பைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டார். வாசிக்கும் குரல் வந்தபின் விடுபட்ட வசனங்களும் வர வேண்டும்.

நாம் கேட்பது பெரிதன்று. வாசகம் வாசிப்பவர் முதல்நாளே அப்பகுதியை அன்றைய செய்தித்தாளோடு சேர்த்துப் படிக்கட்டும். மறையுரை ஆற்றுபவர் கடினமான வாசகத்தை எளிதான வாசகத்தால் மூடாதிருக்கட்டும். தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, 'இது இன்று நம் ஊரில் வாசிக்கப்பட்டது' என்று ஒரு வரி சொன்னால் போதும். வெட்டப்பட்ட வசனங்களை வீட்டில் திறந்து படிக்கட்டும். இலக்கிய நண்பர்கள், எந்த நூலாயினும், ஓராண்டேனும் நாள் வகுத்து, விருப்பம் பாராமல், வந்ததைப் படித்துப் பார்க்கட்டும்.

அகநானூற்று வகுப்பில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. பிடித்ததை மட்டும் எடுத்துப் படிக்கிறவர் திரும்பத் திரும்பத் தம்மையே படிக்கிறார். அடுக்கின்படி படிக்கிறவருக்கு ஒன்று விட்டு ஒன்றாகப் பாலை வரும். அவர் கேட்காவிட்டாலும் வரும்.

யாக்கோபின் அப்பகுதி மூன்றாண்டுக்கு ஒருமுறை, 'பி' ஆண்டில் வரும். அடுத்தது 2027. அந்த ஞாயிறு யார் முறை என்பது நமக்குத் தெரியாது. நம் முறையாக அமைந்தால், வாசிக்கும் முன் அந்த மாணவர் எந்த வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.